கல்லடைப்பு

சேரன்மகாதேவியில் ஞானசம்பந்தம் பிள்ளைக்குக் கல்லடைப்பு என்றுதான் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியது அவர் மனைவி பிரம்மநாயகி. கிளப்பச் சொன்னது அவரேதான். நாலு நாள் காய்ச்சலில் மூச்சு வாங்கி, உதடு நீலம் பாரித்து, திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் காரில் ஏற்றி உட்காரவைத்தபோது, மனுஷன் கையை அசைத்து அவளைக் கிட்டக் கூப்பிட்டார். கடைசியாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். குனிந்து காதைக் கொடுத்தாள்.

"ஏட்டி, யாரு கேட்டாலும் கல்லடைப்புன்னு சொல்லு. காய்ச்சல், இருமல்னு வாயத் தொறந்துராத."

அவருக்கு அவர் கவலை. ஞானசம்பந்தம் தவசுப்பிள்ளை. கல்யாண வீட்டுச் சமையல்காரருக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். சேரன்மகாதேவியிலிருந்து அம்பாசமுத்திரம் வரைக்கும் சைவப் பிள்ளைமார் வீட்டில் கல்யாணம் என்றால், முகூர்த்த நாளைக் குறித்த கையோடு அவருக்குப் போன் வந்துவிடும். அதிலும் மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற சொதிக் குழம்பு. தேங்காயை மூன்று தடவை பால் பிழிந்து, கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கூடிவரும்போது அடுப்பை அணைக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷம் தெரிந்தவர் என்பதற்காகவே அவரைத் தேடி வருகிறவர்கள் உண்டு. ருசி பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. உப்பு குறைவா கூடுதலா என்று ஆவியை முகர்ந்தே சொல்லிவிடுவார். வாயில் வைத்த கரண்டி எச்சில், எச்சில் பட்டது பந்திக்குப் போகக்கூடாது. அண்டாவுக்கு முன்னால் நின்று இருமுகிறவனை அப்போதே பஸ் ஏற்றி அனுப்பிவிடுவார். தனக்கே இருமல் வந்தாலும் தொண்டையிலேயே ஒடுக்கி, விழுங்கி, கண்ணில் தண்ணீர் முட்டக் கிண்டிக்கொண்டு நிற்பார். முப்பது வருஷமாக இப்படித்தான்.

கொரோனாவுக்குப் பிறகு இருமினால் பிழைப்பே போய்விடும் என்றாகிவிட்டது. களக்காட்டுப் பக்கத்தில் ஒரு தவசுப்பிள்ளை, வளைகாப்பு வீட்டில் புளியோதரை கிளறும்போது ரெண்டு தடவை இருமினார். வெறும் மிளகாய் நெடிதான். எவனோ அதைப் போனில் பிடித்து வாட்ஸப்பில் விட்டுவிட்டான். அந்த வருஷம் அவரை ஒருத்தர்கூட அழைக்கவில்லை. இப்போது ஒரு ஜவுளிக்கடை வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறார். ஞானசம்பந்தம் போகிற வழியில் பஸ் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துவிட்டு வந்து ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தை பிறந்தால் ஞானசம்பந்தத்துக்கு மூன்று கல்யாணம். முதல் கல்யாணம் அம்பாசமுத்திரம் குமரகுருபரன் வீட்டில். பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயரானவர், ஒரே மகள், எண்ணூறு இலை. இதற்கு நடுவில்தான் மார்கழி மழையோடு இந்தக் காய்ச்சல் வந்து சேர்ந்தது. கல்லடைப்பு என்றால் கேட்பவர்கள் ஐயோ பாவம் என்பார்கள், எட்டி நிற்க மாட்டார்கள். பிரம்மநாயகியும் அப்படியே சொல்லிவைத்தாள். ஓசூரில் கைக்குழந்தையோடு இருக்கிற மகளிடம் மட்டும் உள்ளதைச் சொல்லி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதே என்றும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கே மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து இன்ஃபுளுயன்சா என்றார்கள். வைரஸ் காய்ச்சல். மாத்திரை கொடுத்தார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நாலாம் நாள் ரெண்டு இட்லி தின்றுவிட்டு, கேன்டீன் சாம்பாரில் பெருங்காயம் கூடிப்போச்சு என்று குற்றம் சொன்னார். அவர் குற்றம் சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்றால் பிழைத்துவிட்டார் என்று அர்த்தம். அவள் உச்சினிமாகாளிக்கு மனசுக்குள் ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

ஆறாம் நாள் விடியும்போது கட்டிலே ஆடுகிற மாதிரி நடுக்கம் எடுத்தது. காய்ச்சல் நூற்றுமூன்று. வலது விலாவில் கத்தியால் குத்துகிற வலி. படம் எடுத்துப் பார்த்தபோது நெஞ்சில் ஒரு பக்கம் வெள்ளையாக அப்பிக் கிடந்தது.

வார்டு டாக்டர் விஜயஸ்ரீ சின்ன வயசுப் பெண். ஆனால் அவசரப்படாமல் பேசுகிறவள். பிரம்மநாயகியை உட்காரவைத்து விளக்கினாள்.

"முதல்ல வந்தது வைரஸ்மா. அது போயிட்டு. ஆனா போகும்போது நுரையீரலப் புண்ணாக்கிப் போட்டுட்டுப் போயிருக்கு. அந்தப் புண்ணுல இப்ப வேற கிருமி ஏறி உக்காந்துட்டு. இது பாக்டீரியா. ஆஸ்பத்திரில படுத்திருக்கவங்களுக்கு இப்படி ரெண்டாவதா ஒண்ணு வரும். பல நேரம் முதல் வியாதிய விட இதுதான் ஆளச் சாய்க்கும்."

போன வருஷத்துக்கு முந்தின மார்கழியில் தாமிரவருணி பெருகியபோது, பிரம்மநாயகியின் அக்கா வீட்டில் இடுப்பளவு தண்ணீர். எல்லாரும் மாடியில் ஏறித் தப்பித்துவிட்டார்கள். தண்ணீர் வடிந்த பிறகு சேற்றை வழிக்கப் போனால் ஆட்டுரலுக்கு அடியில் ஒரு கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. டாக்டர் சொன்னது அவளுக்கு அப்படித்தான் விளங்கியது.

"அதுக்கு மருந்து உண்டாம்மா?"

"உண்டு. ஊசி ஆரம்பிச்சாச்சு."

ஆனால் ரெண்டு நாள் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. விரலில் மாட்டியிருந்த கிளிப்பில் ஆக்சிஜன் தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றொன்று என்று தேய்ந்துகொண்டே வந்தது. விஜயஸ்ரீ கட்டில் பக்கம் வந்து நின்றாள்.

"ஐயா, எந்தக் கிருமின்னு தெரிஞ்சாத்தான் அதுக்கு ஏத்த மருந்தப் போட முடியும். ரத்தத்துல ஒண்ணும் பிடிபடல. சளி எடுத்துப் பாக்கணும். சளி வருதா?"

"தடுமம்லாம் இல்லம்மா. மூக்கு நல்லாக் காஞ்சுதான் கெடக்கு."

"மூக்குச் சளி இல்லய்யா. நெஞ்சுச் சளி. கோழை."

"அதுவும் இல்லம்மா."

பிரம்மநாயகி அவர் முகத்தைப் பார்த்தாள். அண்டப்புளுகு. ராத்திரி முழுக்க அவர் நெஞ்சுக்குள் களகளவென்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இருமல் ஏறி வரும், கன்னம் உப்பும், கழுத்து நரம்பு புடைக்கும், பிறகு மடக்கென்று ஒரு விழுங்கு. அடுப்படியில் நிற்கிற மாதிரியேதான் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் படுத்திருந்தார்.

நர்ஸ் ஜெமிமா சிவப்பு மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் குப்பி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். மேலே அவர் பெயர் எழுதி ஒட்டியிருந்தது.

"யக்கா, காலைல எந்திச்சதும் பச்சத் தண்ணில வாயக் கொப்புளிக்கச் சொல்லுங்க. பொறவு மூச்ச நல்லா உள்ள இழுத்து, அடியிலேர்ந்து இருமி இதுல துப்பணும். பதினோரு மணிக்குள்ள லேபுக்குப் போயிரணும், கேட்டியளா."

மறுநாள் காலையில் பிள்ளைவாள் ஒழுங்காக வாயைக் கொப்புளித்தார். போர்வையைத் தூக்கி மறைப்புக் கட்டச் சொன்னார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, ஜெபம் பண்ணுகிற மாதிரி உதட்டைக் குவித்து, நுனிநாக்கிலிருந்து ரெண்டு சொட்டைக் குப்பியில் விட்டார். அவள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அரைமணி நேரத்தில் லேப்காரன் திருப்பி அனுப்பிவிட்டான்.

"இது எச்சில்மா. சளி இல்ல. இதப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது."

அதைக் கேட்டதும் ஞானசம்பந்தத்துக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டார்.

"எச்சிலா? யாரப் பாத்து எச்சிலுங்கான் அவன்? முப்பது வருசமா ஒரு கரண்டிய வாயில வச்சதில்ல நான்."

"அவன் உங்களச் சொல்லல. குப்பில இருக்கதச் சொல்லுதான். மாஸ்க்கப் போடுங்க."

அடுத்த கட்டிலில் இருந்த அசன் மைதீன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சிரித்தார். மேலப்பாளையத்துக்காரர், பீடிக்கடை ஏஜென்ட். அவருக்கும் இதே காய்ச்சல், இதே ரெண்டாவது கிருமி. ஆனால் மனுஷன் இருமினால் வார்டு ஜன்னல் அதிரும். அவர் குப்பி முதல் நாளே லேபில் தேறிவிட்டது, மருந்தும் பிடித்துக்கொண்டது.

"பிள்ளைவாள், என்ன வே இது, பொண்ணு பாக்க வந்த எடத்துல காப்பி குடிக்கிற மாதிரி! நல்லாக் காறித் துப்பும் வே. என் கோழைக்கு லேபுல டிஸ்டிங்ஷன் குடுத்தாவ, தெரியுமா."

ஞானசம்பந்தம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ரெண்டாவது குப்பியும் அதே எச்சில் என்று திரும்பி வந்தது. அன்றைக்கு ரவுண்ட்ஸ் முடிந்ததும் விஜயஸ்ரீ பிரம்மநாயகியை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அம்மா, நாளைக்குள்ள சளி கிடைச்சாகணும். ஆக்சிஜன் இன்னும் இறங்கினா தொண்டைல குழாய் போட்டு மெஷின்ல வைக்கணும். அப்பச் சளியையும் எடுத்துரலாம். ஆனா இவரு இருக்கிற நிலைமைல, குழாய் போட்டா, திருப்பி எடுக்க முடியுமாங்கிறதுக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது."

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. டீக்கடை ஓரம் ஆட்டோக்காரர்கள் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். உலகத்தில் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, தனக்கு மட்டும் இப்படி ஒரு வேலை வந்து வாய்த்ததே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. புருஷனைக் காப்பாற்றக் காசு வேண்டும் என்றால் கழுத்தில் கிடப்பதைக் கழற்றலாம், ரத்தம் வேண்டும் என்றால் கையை நீட்டலாம். இவர் தொண்டையில் இருக்கிற ஒரு வாய்க் கோழையை அவள் எங்கே போய் வாங்குவாள்?

உள்ளே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"விழுங்குதிய. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதிய."

"ஒண்ணுமில்லங்கேன்."

"டாக்டரம்மா என்ன சொன்னா தெரியுமா? குழாய் போட்டுருவாவளாம். போட்டா எடுக்கது கஷ்டமாம்."

மூச்சுக்கு மூச்சு விலா ஏறி இறங்கியது. பிறகு பைய, அடுத்த கட்டிலுக்குக் கேட்காமல் சொன்னார்.

"ஏட்டி, இங்கன யாரு யாருக்குச் சொந்தம்னு நமக்கு என்ன தெரியும்? அன்னா, அந்தக் கடைசிக் கட்டில்ல இருக்கவன் வீரவநல்லூர்க்காரன். காலைல என்னப் பாத்து, நீங்க சொதி வைக்கிற தவசுப்பிள்ளதானன்னு கேக்கான். நான் இங்கன காறிக் காறித் துப்பிக்கிட்டுக் கெடந்தேன்னு ஒரு வார்த்த வெளிய போச்சு, பொறவு எவன் எலையில நான் சாதம் வைக்க?"

"உசுரு போனா எவன் எலையில வைப்பிய?"

"போகாதுட்டி. ஊசி போடுதாவள்லா."

அந்த ஊசிதான் கேட்கவில்லை என்று அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஜெமிமா மூன்றாவது குப்பியோடு வந்தாள். கூடவே முதுகில் தட்டுகிற விதத்தையும் சொல்லிக்கொடுத்தாள். உள்ளங்கையைக் குழித்து, தண்ணீர் அள்ளுகிற மாதிரி வைத்துக்கொண்டு, கீழேயிருந்து மேலே பொத் பொத்தென்று தட்ட வேண்டும். அடியில் ஒட்டிக் கிடப்பது இளகி மேலே வரும். பிரம்மநாயகி தட்டினாள். முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் புருஷன் முதுகில் இப்படிக் கைவைத்ததில்லை. முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. நெஞ்சுக்குள் களகளப்பு அசைந்தது, இருமல் எழுந்தது, அவர் பல்லைக் கடித்து அதை அமுக்கினார். மணி எட்டானது, ஒன்பதானது. குப்பி வெறுமையாகவே இருந்தது. கிளிப் காட்டுகிற எண் எண்பத்தொன்பது.

பத்தரை மணிக்கு வார்டு வாசலில் ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. கையில் பெரிய பை. பையிலிருந்து வாழைத்தண்டு ரெண்டு முழ நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அம்பாசமுத்திரம் குமரகுருபரன்.

கல்லடைப்புக்காரரைப் பார்க்க வாழைத்தண்டோடு வந்திருக்கிறார் மனுஷன். வாசலில் கொடுத்த மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு, கட்டில் கட்டிலாகப் பார்த்து வந்து நின்றார்.

"என்ன சம்பந்தம், இங்கன கொண்டாந்து போட்டிருக்காவ? நான் கல்லடைப்பு வார்டுல போயித் தேடிட்டு வாரேன்."

ஞானசம்பந்தம் ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றித் தலையணைக்கு அடியில் தள்ளினார். எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார். "அங்கன... கட்டில் இல்லன்னுட்டாவ அண்ணாச்சி."

"அதுக்கு இப்படியா? இருமுறவனுக்கு நடுவுலயா போடுவான்? உங்களுக்கும் ஒட்டிக்கிட்டா என்னத்துக்கு ஆகும்? நான் வேணா பெரிய டாக்டர்கிட்டப் பேசட்டுமா?"

"வேண்டாம்... அண்ணாச்சி. ரெண்டு நாள்ல... வீட்டுக்குப் போயிருவேன்."

"அதானே. இந்தாம்மா, தோட்டத்துத் தண்டு. சாறு எடுத்து வெறும் வயித்துல குடுங்க, கல்லு கரைஞ்சு ஓடிரும்." பையை அவள் கையில் கொடுத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சம்பந்தம், மாப்பிள்ள வீட்டுல சொதிக்குப் பட்டாணி போடலாமாங்காவ. நான் அதெல்லாம் நம்ம தவசுப்பிள்ள சொல்லுததுதான்னுட்டேன். என்ன சொல்லுதிய?"

ஞானசம்பந்தம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டார். கன்னம் உப்பியது. கழுத்து நரம்பு கயிறு கயிறாக எழும்பியது. கண் ரெண்டும் சிவந்து தண்ணீர் கொட்டியது. பட்டாணி வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். சிரிக்கக்கூடப் பார்த்தார்.

பிரம்மநாயகி விரல் கிளிப்பையே பார்த்தாள். எண்பத்தேழு. எண்பத்தைந்து. அவர் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. எண்பத்திரண்டு. வாழைத்தண்டுப் பையைக் கீழே போட்டாள்.

"அண்ணாச்சி, இவியளுக்குக் கல்லடைப்பு இல்ல."

குமரகுருபரன் நிமிர்ந்தார். ஞானசம்பந்தம் அவளைப் பார்த்த பார்வையில், கையில் தெம்பிருந்தால் அடித்திருப்பார்.

"வைரஸ் காய்ச்சல்ல வந்தாவ. இப்ப நெஞ்சுல கிருமி. கோழைய எடுத்துக் குடுத்தாத்தான் மருந்து தெரியும். நீங்க இருக்கியன்னு இவிய அடக்குதாவ. கல்யாணத்துக்கு வேற ஆளப் பாருங்க அண்ணாச்சி. கோமதிநாயகத்துக்கிட்டச் சொல்லுங்க, இவியகூடப் பதினஞ்சு வருசம் நின்னவன். தைக்கு இவியளால முடியாது. நான் சொல்லுதேன், முடியாது."

ஒரு மூச்சில் கொட்டிவிட்டாள். பிறகு குப்பியின் மூடியைத் திருகிக் கழற்றி, இடது கையால் அவர் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையைக் குழித்து முதுகில் ஓங்கித் தட்டினாள்.

"இருமுங்க."

அவர் தலையை ஆட்டினார்.

"இனி யாருக்கு அடக்குதிய? எல்லாந்தான் சொல்லியாச்சே. இருமுங்கங்கேன்!"

தட்டினாள். அழுதுகொண்டே தட்டினாள். அசன் மைதீன் கட்டிலை விட்டு இறங்கி வந்து மறுபக்கத் தோளைப் பிடித்துக்கொண்டார். "விடும் வே, விடும். அல்லா காப்பாத்துவான், விடும்." அப்போதுதான் அது உடைந்தது. முப்பது வருஷமாக ஒடுக்கிய இருமல் எல்லாம் ஒட்டுமொத்தமாக வந்த மாதிரி, அடிவயிற்றிலிருந்து ஏறி, கட்டில் கம்பி அதிர, வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்க இருமினார். குப்பிக்குள் கெட்டியாக விழுந்தது. பச்சையும் மஞ்சளுமாக, நடுவில் துருப்பிடித்த மாதிரி ரத்தக் கீற்று. இன்னொரு தடவை. இன்னொரு தடவை.

குமரகுருபரன் எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் நின்றிருந்தார். கெட்டவர் இல்லை. மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இருக்கிற மனுஷன். "உடம்பப் பாத்துக்கிடச் சொல்லும்மா" என்று தூரத்திலிருந்தே சொல்லிவிட்டுப் போனார்.

ஜெமிமா ஓடிவந்து மாஸ்க்கைத் தேடி எடுத்து மாட்டினாள். மாஸ்க்குக்குள்ளிருந்து ஞானசம்பந்தம் சொன்னது பிரம்மநாயகிக்குத் தெளிவாகக் கேட்டது.

"என்னக் கொன்னுட்டியேட்டி, பாவி."

அவள் மூடியைத் திருகினாள். பத்தே முக்கால். ஈரம் மிதிபட்டு வழுக்கிய வராந்தாவில் குப்பியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். லேப்காரன் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான்.

"ஆங். இதுதாம்மா சளி."

படிக்கட்டில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மனசு விட்டு அழுது முடித்த பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்பதே தெரிந்தது.

சாயங்காலமே விஜயஸ்ரீ வந்து ஊசி மருந்தை மாற்றினாள். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது கிருமி கொத்துக் கொத்தாகத் தெரிந்ததாம். ரெண்டு நாள் கழித்து வந்த முழு ரிசல்ட்டும் அதையே சொன்னது. இதுவரை போட்ட ஊசிக்கு மசியாத ஜாதி. "இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தா நாம வேற பேச்சு பேசிக்கிட்டு இருந்திருப்போம்மா" என்றாள் விஜயஸ்ரீ.

அந்த ரெண்டு நாளையும் பிரம்மநாயகி எப்படிக் கழித்தாள் என்று அவளுக்கே தெரியாது. எண் எண்பத்தொன்றுக்கு இறங்கியது, நர்ஸ் மேஜைக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு அவரை மாற்றினார்கள், பெரிய மாஸ்க் போட்டார்கள். குழாய்க்குத் தயாராக எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார்கள். பிறகு எண் ஒரே இடத்தில் நின்றது. பிறகு மேலே நகர்ந்தது. மூன்றாம் நாள் காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், வியர்த்திருந்தது.

அவர் மட்டும் அவளோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் ஜெமிமாவிடம்தான் கேட்டார். இதற்கு நடுவில் போன் வந்துகொண்டிருந்தது. குமரகுருபரன் வீட்டிலிருந்து, கோமதிநாயகத்திடம் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார்கள். முக்கூடல் கல்யாணக்காரர்கள், கல்லிடைக்குறிச்சிக்காரர்கள் எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். பிள்ளை நல்லா ஓய்வு எடுக்கட்டும் என்றார்கள். அவள் ஒவ்வொரு தடவையும் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்ப் பேசிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

ஐந்தாம் நாள் பெரிய மாஸ்க்கை எடுத்துவிட்டு மூக்குக் குழாய் வைத்தார்கள். மதியம் ரசம் சாதத்தைக் கரைத்து ஊட்டினாள். நாலு வாய் வாங்கிக்கொண்டார். திடீரென்று சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கல்லிடைக்குறிச்சியும் போச்சா?"

பொய் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை. "ஆமா."

"விட்டிருக்கலாம்ல."

"எத?"

"என்னத்தான். மரியாதையாப் போயிருப்பேன்."

பிரம்மநாயகி கிண்ணத்தை நங்கென்று மேஜையில் வைத்தாள். அத்தனை நாள் ஓட்டமும் பயமும் தூக்கமில்லாததும் சேர்ந்து பொங்கிவிட்டது.

"போயிருப்பிய. கல்லடைப்புல போனாருன்னு ஊரே வந்து நின்னிருக்கும். மாலையும் போட்டிருப்பாவ. எல்லாவனும் எழவு வீட்டுச் சாப்பாட்டத் தின்னுட்டு, பிள்ள சொதி மாதிரி வராதுன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருவான். நான் எங்க போவேன்? ஆ? நாலு நாளா நான் இந்த எண்ணப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன், எம்பத்தொண்ணு, எம்பத்தொண்ணுன்னு. உங்கள மாதிரிச் சொதி வைக்க இந்த ஆத்தங்கர நெடுக பத்துப் பேரு இருக்கான். எனக்கு வேற யாரு இருக்கா?"

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெமிமா ஏதோ எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

"பத்துப் பேரா?"

அவள் திரும்பினாள். ஞானசம்பந்தம் முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்திருந்தார்.

"என்ன?"

"பத்துப் பேருன்னியே. யாரு அந்தப் பத்துப் பேரு?"

"பேச்சுக்குச் சொன்னேன்."

"அதென்ன பேச்சுக்கு? பேரச் சொல்லு."

அவளுக்கு எரிச்சலாக வந்தது. "ஏன், கோமதிநாயகம் இல்லையா?"

"கோமதிநாயகமா? போட்டி. மொதப் பால ஊத்திட்டுப் போனப் பாத்துக்கிட்டு நிப்பான். அடுப்ப அணைக்கணும்னு அவனுக்கு எந்தக் காலத்துல ஓர்ம வந்திருக்கு? சொதி திரிஞ்சு, தண்ணி ஒரு பக்கம், திப்பி ஒரு பக்கம்..."

பாதியில் இருமல் வந்தது. விலாவைக் கையால் அமுக்கிக்கொண்டு, குனிந்து, அடியிலிருந்து இழுத்து, வார்டே திரும்பிப் பார்க்க இருமினார். பக்கத்திலிருந்த தட்டை எட்டி எடுத்துத் துப்பினார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"சரி, ரெண்டாவது ஆளு யாரு? சொல்லுட்டி."